கீல்வாதம் வந்த கார்கள்: ஒரு கதவின் வரலாறு (நீண்ட த்ரெட்)

1/
பழைய காரைப் புதுப்பிப்பவர்களைக் கவனியுங்கள். எஞ்சினுக்குத் தாராளமாகச் செலவு செய்வாங்க. பெயிண்டுக்கு இன்னும் தாராளம். வண்டி பளபளன்னு வந்து நிற்கும். கதவைத் திறந்தால் ஒரு முனகல். சாத்தணும்னா லேசா தூக்கி, பிறகு ஓங்கி அடிக்கணும். கேட்டால், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்பார்கள்.

இல்லை. அப்படித்தான் இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. அந்தக் கதவு சரியாகச் சாத்துவதற்குப் பின்னால் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு வரலாறு இருக்கு. அதில் டாக்டர்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் ஒரு டாக்டர் கார் கதவைப் பற்றி எழுதுறேன்.

2/
முதலில் ஒரு சொல். கதவு சுழலும் உலோகப் பொருத்துக்குத் தமிழில் கீல் என்று பெயர். பட்டறையில் ஹிஞ்ச் என்பார்கள்.

மூட்டு வலிக்கு நம்ம ஊரில் என்ன பெயர்? கீல்வாதம்! மூட்டையும் கதவுப் பொருத்தையும் ஒரே சொல்லால் அழைத்திருக்கிறோம். முழங்கையைக் கீல் மூட்டு என்றுதான் பாடத்தில் படிக்கிறோம். ஒரே அச்சில், ஒரே திசையில் மடங்கி நிமிரும். கார் கதவும் அதே வேலையைத்தான் செய்யுது. நோய்களும் ஏறக்குறைய அதேதான்: தேய்மானம், இறுக்கம், இடம் விலகல்.

3/
கீலுக்கு முன்னால் குடுமி இருந்தது. பழைய கோயில் கதவுகளைப் பார்த்தால் தெரியும். கதவுச் சட்டத்தின் ஒரு ஓரம் மேலும் கீழும் முளை போல நீண்டிருக்கும். கீழ் முளை கல்லில் குடைந்த குழியில் உட்காரும். கதவின் மொத்த பாரமும் நேராகத் தரைக்குப் போய்விடும்.

கார் கதவுக்கு அந்த வசதி கிடையாது. அது பக்கவாட்டில் தூணைப் பிடித்துத் தொங்குது. இந்தத் தொங்கலில்தான் எல்லாத் தொல்லையும் ஆரம்பம்.

4/
கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில் கதவே கிடையாது. ஏறி உட்கார வேண்டியதுதான். ஆரம்ப கால கார்கள் பலதும் குதிரை இல்லாத குதிரை வண்டிகளே.

ஃபோர்டு மாடல் டி (1908–1927) தெரியும் இல்லையா? 1910-களில் அமெரிக்காவில் தயாரான டூரிங் மாடலில் டிரைவர் பக்கம் கதவு மாதிரி ஒரு வடிவத்தைத் தகட்டில் அழுத்தி வைத்திருப்பார்கள். அது திறக்காது, வெறும் தோற்றம். டிரைவர் மறுபக்கக் கதவு வழியாக ஏறி நகர்ந்து வரணும்.

5/
கதவு வந்த காலத்தில் உடலை மரத்தில்தான் கட்டினார்கள். ஆஷ் மரச் சட்டம், அதன் மேல் தகடு. கீலை மரத்தில் ஸ்க்ரூ போட்டுப் பிடிப்பார்கள். மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். ஸ்க்ரூ துளை பெரிதாகும், கதவு இறங்கும்.

1912-ல் பிலடெல்பியாவில் எட்வர்டு பட் என்பவர் கம்பெனி தொடங்கி, முழுக்க எஃகுத் தகட்டில் கார் உடல் செய்ய ஆரம்பித்தார். டாட்ஜ் சகோதரர்கள் அவருடைய முதல் பெரிய வாடிக்கையாளர்கள். மரத்தின் தொல்லை போனது. அதற்குப் பதிலாகத் துரு வந்தது.

6/
இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, பள்ளிக்கூட நெம்புகோல் கணக்குதான்.

கண்ணாடி, பூட்டு எல்லாம் சேர்த்து ஒரு கதவு 20 கிலோ என்று வைப்போம். எடையின் மையம் கீலிலிருந்து 50 செ.மீ. தள்ளி. இரண்டு கீலுக்கும் இடையே உயரம் 30 செ.மீ. அப்போ மேல் கீலை வெளியே இழுக்கும் விசை சுமார் 33 கிலோ. கீழ்க் கீலை உள்ளே அமுக்குவதும் அதே 33 கிலோ. கதவு சும்மா திறந்திருக்கும்போதே இவ்வளவு.

அதனால்தான் பெரும்பாலும் மேல் கீல் முதலில் படுத்துவிடும்.

7/
இப்போ தாத்தா ஒருவர் இறங்குகிறார். முட்டி வலி. கதவின் ஓரத்தைப் பிடித்து 30 கிலோ பாரம் கொடுத்து எழுந்திருக்கிறார். கதவின் நீளம் 1 மீட்டர் என்றால், மேல் கீலுக்குக் கூடுதலாக 100 கிலோ இழுவிசை. ஒவ்வொரு முறையும்! குழந்தைகள் கதவில் தொங்கி விளையாடினாலும் இதே கதைதான்.

மேல் கீலின் பின் 1 மி.மீ. தேய்ந்தால் கதவின் மறுமுனை எவ்வளவு இறங்கும்? 3 மி.மீ.க்கும் மேல். பூட்டு உட்கார வேண்டிய இடத்தில் 3 மி.மீ. என்பது பெரிய தூரம். தாத்தாவின் கீல்வாதம் காருக்கும் தொற்றிக்கொள்கிறது!

8/
வரலாற்றுக்கு வருவோம். 1930-களில் பல கார்களின் கதவு தலைகீழாகத் திறந்தது. கீல் பின்பக்கம், பிடி முன்பக்கம். 1934-ல் வந்த சித்ரோயன் ட்ராக்ஷன் அவான் காரின் முன்கதவு அப்படி. 1957-ல் வந்த குட்டி பியட் 500-ம் அப்படி, 1965 வரை. நம்ம ஊரில் ஓடிய 1950-களின் பியட் 1100 முன்கதவும் அதே வகை.

ஏன்? ஏறி இறங்க வசதி. அதோடு நாலு கதவு வண்டியில் நடுத்தூண் ஒன்றை மட்டும் பலமாகச் செய்து, முன்கதவையும் பின்கதவையும் அதிலேயே தொங்கவிடலாம்.

9/
ஆங்கிலத்தில் இதற்கு வந்த பட்டப்பெயர் தற்கொலைக் கதவு. மோசமான பெயர்தான், ஆனால் காரணம் இருந்தது.

முன்பக்கம் கீல் உள்ள கதவு ஓட்டத்தில் லேசாகத் திறந்தால் எதிர்க்காற்று அதை மறுபடி அழுத்தி மூடப் பார்க்கும். பின்பக்கம் கீல் இருந்தால் அதே காற்று கதவுக்குள் புகுந்து விரியத் திறந்துவிடும். பிடியில் கை வைத்திருப்பவரையும் சேர்த்து இழுத்துப் போகும். அப்போ சீட் பெல்ட் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். உள்ளே இருப்பவரை உள்ளேயே வைத்திருக்கக் கதவை விட்டால் வேறு நாதி இல்லை.

10/
டாக்டர்கள் கதைக்குள் வருவது இங்கேதான்.

டெட்ராய்ட் நகரம், அமெரிக்காவின் கார் தலைநகர். அங்கே கிளேர் ஸ்ட்ரெய்த் என்ற பிளாஸ்டிக் சர்ஜன். கார் விபத்தில் முகம் சிதைந்து வருபவர்களைத் தைத்துத் தைத்து ஒரு விஷயத்தைக் கவனித்தார். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு முகக் காயம் அதிகம். டாஷ்போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் திருகுகளும் பிடிகளும்தான் கத்தி மாதிரி வேலை செய்தன.

அவர் கார் கம்பெனிகளிடம் போய்ப் பேசினார். 1937 டாட்ஜ் காரில் திருகுகள் உள்ளே பதிக்கப்பட்டன, கதவின் உள்பிடி வளைத்துச் செய்யப்பட்டது. காயத்தை வண்டியின் வடிவத்திலேயே தடுக்கலாம் என்று ஒரு டாக்டர் காட்டினார்.

11/
அடுத்தவர் ஹியூ டி ஹேவன். டாக்டர் இல்லை. 1917-ல் விமானப் பயிற்சியின்போது நடுவானில் மோதி விழுந்து பிழைத்தவர். உள்ளுறுப்புகளில் பலத்த காயம். தன்னைக் காக்க வேண்டிய பெல்ட்டின் பக்கிளே தன் வயிற்றைக் கிழித்தது என்று அவர் முடிவுக்கு வந்தார்.

அந்தக் கேள்வி அவரை விடவில்லை. 50 முதல் 150 அடி உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைத் தேடி ஆராய்ந்து 1942-ல் ஒரு கட்டுரை எழுதினார். சாராம்சம் இதுதான்: மோதல் கொல்வதில்லை, மோதலை உடல் எப்படி வாங்குகிறது என்பதே கொல்கிறது.

12/
பிறகு அவருடைய ஆராய்ச்சி கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் கார் பக்கம் திரும்பியது. போலீஸ் அறிக்கையையும் மருத்துவ அறிக்கையையும் சேர்த்துவைத்து, விபத்து விபத்தாக ஆராய்ந்தார்கள்.

1950-களில் அங்கிருந்து வந்த மிக முக்கியமான முடிவு: விபத்தில் கதவு திறந்துகொள்கிறது. ஆள் வெளியே வீசப்படுகிறார். வெளியே வீசப்பட்டவர் இறக்கும் வாய்ப்பு, உள்ளேயே இருந்தவரைவிடப் பல மடங்கு.

"வெளியே விழுந்துட்டா தப்பிச்சுக்கலாம்" என்ற நம்பிக்கை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கு. விபத்து வார்டில் ஒரு மாதம் வேலை பார்த்த எந்த ஹவுஸ் சர்ஜனைக் கேட்டாலும் சொல்வார், அது பொய்.

13/
கதவு ஏன் திறந்தது? பூட்டு பலவீனமா? பாதிதான் சரி.

பழைய பூட்டுகள் கதவு வெளிப்பக்கம் திறக்காதபடி பிடித்தன. ஆனால் மோதலில் கார் உடல் முறுக்கி நீளும். முன்தூணும் நடுத்தூணும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். பூட்டின் நாக்கு ஸ்ட்ரைக்கரிலிருந்து நீளவாக்கில் நழுவிவிடும். யாரும் கைப்பிடியைத் தொடவே வேண்டாம், கதவு தானே திறக்கும்.

எலும்பு முறியாமலே மூட்டு நழுவுகிற மாதிரி.

14/
1950-களின் நடுவில் அமெரிக்கக் கம்பெனிகள் பூட்டை மாற்றின. நாக்கும் ஸ்ட்ரைக்கரும் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டு நீளவாக்கிலும் நழுவாத வடிவம். ஃபோர்டு 1956 மாடல்களில் இந்தப் பாதுகாப்புப் பூட்டை எல்லா வண்டிக்கும் கொடுத்தது. பெல்ட்டும் மெத்தை வைத்த டாஷ்போர்டும் கூடுதல் காசுக்கு.

1959-ல் வோல்வோவின் நில்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டுவந்தார். கதவும் பெல்ட்டும் சேர்ந்து ஆளை உள்ளே வைக்கிற காலம் தொடங்கியது.

15/
1966-ல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அதை நடைமுறைப்படுத்தும் அமைப்புக்கு முதல் தலைவர் யார்? வில்லியம் ஹேடன். பொது சுகாதாரத் துறை டாக்டர்!

1968 முதல் கதவுக்கென்று தனி விதி. கீல்கள் நீளவாக்கில் 2,500 பவுண்டு, அதாவது சுமார் 1,130 கிலோ இழுவையைத் தாங்கணும். குறுக்குவாக்கில் 2,000 பவுண்டு, சுமார் 900 கிலோ. முழுதாகப் பூட்டிய பூட்டுக்கும் அதே அளவுகள்.

கீல் என்பது தொங்கவிடும் ஆணி மட்டும் இல்லை. அது உயிர்காக்கும் கருவி என்று சட்டம் ஒப்புக்கொண்ட நாள் அது.

16/
அதே விதியில் இன்னொரு எண் இருக்கு. இந்த த்ரெட்டில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

கதவு சாத்தும்போது இரண்டு க்ளிக் கேட்கும். முதல் க்ளிக் பாதிப் பூட்டு. இரண்டாவது முழுப் பூட்டு. பாதிப் பூட்டுக்கு விதி கேட்ட பலம் 1,000 பவுண்டு மட்டும். முழுப் பூட்டு நீளவாக்கில் தாங்க வேண்டியதில் 40 சதவீதம்.

கதவு இறங்கிய பழைய காரில் என்ன நடக்குது? முதல் க்ளிக்கோடு நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சாத்தின மாதிரியே இருக்கும். உள்ளே குழந்தை சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

17/
இப்போ நம்ம ஊர் பக்கம் வருவோம். கதவுப் பொருத்தம் என்றால் இங்கே பேசியே ஆக வேண்டிய கார் ஒன்று உண்டு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னையில் 1960-கள், 70-களில் வளர்ந்தவர்கள் பலரும் இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு விடுவாங்க.

அதன் தாய் ட்ரையம்ப் ஹெரால்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பிறந்து, 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அறிமுகமானது. வடிவமைத்தவர் இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி. 948 சிசி எஞ்சின். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும்.

18/
ஆனால் பிரசவம் சிக்கலானது. ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கார் உடல் செய்து கொடுத்து வந்தது ஃபிஷர் அண்டு லட்லோ. 1953-ல் அதைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. புதுக் காருக்கு முழு உடலை ஒரே துண்டாகச் செய்து தர ஆள் இல்லை.

தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர் ஒரு முடிவு எடுத்தார். மற்றவர்கள் சேசிஸ் இல்லாத ஒற்றை உடலுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில், இவர் பழையபடி தனிச் சேசிஸுக்குத் திரும்பினார். உடலைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் செய்து, போல்ட் போட்டு இணைக்கலாம்!

19/
இதில் நன்மை நிறைய. ஒரு பகுதி அடிபட்டால் அதை மட்டும் கழற்றி மாட்டலாம். கூரையைக் கழற்றினால் திறந்த கார். முன் பானெட் மொத்தமும் ஒரே துண்டாக முன்னால் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக்குக் கொண்டாட்டம்.

ஆனால் கதவு? கீல் மாட்டும் முன்தூண் உடலின் முன்துண்டில். ஸ்ட்ரைக்கர் மாட்டும் தூண் பின்துண்டில். அதாவது கதவின் ஒரு முனை ஒரு துண்டை நம்பியிருக்கு, மறுமுனை வேறொரு துண்டை நம்பியிருக்கு. இரண்டும் சேசிஸ் மேல் போல்ட்டில் உட்கார்ந்திருக்கு. எங்கே எது கொஞ்சம் அசைந்தாலும் கதவில்தான் வந்து தெரியும்.

20/
சென்னைக்கு அருகே வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற தொழிற்சாலை. 1948-ல் தொடங்கிய கம்பெனி. 1960-களின் தொடக்கத்தில் ஹெரால்டு அங்கே வர ஆரம்பித்தது.

இரண்டு கதவு வண்டி. பின்சீட்டுக்கும் அதே கதவு வழியாகத்தான் போகணும் என்பதால் கதவு நீளம். நீளக் கதவு என்றால் 6, 7-ல் பார்த்த நெம்புகோல் கணக்கு முழு வேகத்தில் வேலை செய்யும்.

நம்ம ஊர்க் குடும்பம் எப்படி இருக்கும்? பாட்டி, பேரன், ஊருக்குப் போகும் மூட்டை. பின்சீட்டில் ஏறுவது ஒவ்வொரு முறையும் ஒரு சர்க்கஸ்.

21/
அதற்கு இங்கேயே ஒரு விடை செய்தார்கள். 1960-களின் கடைசியில் நாலு கதவு ஹெரால்டு மார்க் 3. இங்கிலாந்தில் கிடையாது, இந்தியாவுக்கென்றே செய்தது. சக்கர இடைவெளி அதே 91.5 அங்குலம். அதற்குள் நாலு கதவு!

கதவுகள் குட்டையானதால் கீலுக்கு நிம்மதி. ஆனால் கீல் எட்டானது, ஒழுங்குபடுத்த வேண்டிய இடைவெளிகளும் இரட்டிப்பு. 1972-ல் இதன் அடுத்த வடிவமான கெசல் வந்து, 1977 வரை ஓடியது.

இந்த வண்டிகள் இன்றும் பலர் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்குள் தூங்குது. எழுப்பப் போகிறவர்களுக்குத்தான் அடுத்த பகுதி.

22/
டாக்டர் புத்தியில் சொல்றேன். முதலில் நோயைக் கண்டுபிடி, பிறகு மருந்து.

எலும்பு மூட்டுப் பரிசோதனையில் மூன்று படி சொல்லித் தருவார்கள்: பார், தொடு, அசை. கதவுக்கும் அதேதான். ஸ்பேனரை எடுக்கும் முன் இந்த மூன்றையும் செய்யுங்கள்.

முதலில் வண்டியைச் சமதளத்தில் அதன் நாலு சக்கரத்தில் நிறுத்துங்க. டயர் காற்று சரியாக இருக்கட்டும். ஒரு பக்கம் ஜாக்கி வைத்துக்கொண்டு கதவைப் பார்த்தால், சாய்ந்து நிற்கிறவர் முதுகை எக்ஸ்ரே எடுத்த மாதிரி.

23/
பார்: சாத்திய கதவைச் சுற்றி இருக்கும் இடைவெளியைப் பாருங்கள்.

→ கதவின் பூட்டு முனை கீழே இறங்கியிருக்கு, முன்பக்க இடைவெளி மேலே அகலம்: கீல் தேய்வு அல்லது கீல் போல்ட் தளர்வு.
→ கதவு நேராக இருக்கு, ஆனால் பின்பக்க இடைவெளி மேலே குறுகி, கீழே அகன்று: வண்டி நடுவில் தொய்ந்திருக்கு.
→ அதுவே மேலே அகன்று, கீழே குறுகி: முனை சரிந்திருக்கு.

முதலாவது கதவின் நோய். மற்ற இரண்டும் முதுகெலும்பின் நோய். கதவில் தெரியும், கதவில் இருக்காது.

24/
தொடு, அசை: கதவைப் பாதி திறந்து, பூட்டு முனையைக் கீழிருந்து மெல்லத் தூக்குங்கள். இன்னொருவர் கீல் மேல் விரல் வைத்துப் பார்க்கட்டும்.

→ பின் மட்டும் ஆடினால்: பின்னும் புஷ்ஷும் தேய்ந்திருக்கு.
→ கீல் தகடு தூணோடு ஒட்டாமல் ஆடினால்: போல்ட் தளர்வு.
→ தூணே கீலோடு சேர்ந்து அசைந்தால்: உள்ளே துரு தின்றுவிட்டது. இனி வெல்டிங்தான் வைத்தியம்.

மூன்றுக்கும் அறிகுறி ஒன்று, கதவு இறக்கம். சிகிச்சை வேறு வேறு. காய்ச்சல் என்றதும் ஒரே மாத்திரை கொடுக்கிற கதை இங்கேயும் ஆகாது.

25/
வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு. அதை மாற்றாதீங்க.

முதலில் சேசிஸ். பிறகு சேசிஸ் மேல் உடல் உட்காரும் இடங்கள். பிறகு தூண்கள். பிறகு கீல். பிறகு ஸ்ட்ரைக்கர். கடைசியில் ரப்பர் பீடிங்.

ஹெரால்டில் இது ரொம்ப முக்கியம். உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் பேக்கிங் தகடுகள் இருக்கும். துருப்பிடித்த வண்டியில் அவை தொலைந்தோ நசுங்கியோ போயிருக்கும். ஒரு மூலையில் பேக்கிங் மாறினால் தூண் சாயும், கதவு இடைவெளி மாறும். கீலைத் தொடாமலே பாதி பிரச்சினை இங்கேயே தீரும். பழைய பேக்கிங்கை எடுக்கும்போது எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள்.

26/
அம்பாசடர் மாதிரி ஒற்றை உடல் வண்டியில் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி மாதிரியான பகுதிதான் முதுகெலும்பு. அது துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்யும்.

அதை வெட்டி மாற்றும் முன், கதவு வாசலுக்குள் இரும்புச் சட்டம் வைத்துத் தூணுக்குத் தூண் வெல்டிங் பிடித்துக்கொள்ளணும். முறிந்த காலுக்குச் சிம்பு கட்டுகிற மாதிரி. சட்டம் வைக்காமல் வெட்டினால் வாசலின் வடிவமே மாறும். புதுத் தகடு வைத்த பிறகு கதவு அந்த வாசலில் உட்காரவே உட்காராது. வெட்டும் முன்பும் பின்பும் வாசலின் மூலைக்கு மூலை அளவு எடுத்து ஒப்பிடுங்கள்.

27/
இப்போ கீல். பின் தேய்ந்தால் லேத் பட்டறையில் துளையைச் சீராக்கி, புது புஷ், புதுப் பின் போடலாம். பெரிய செலவில்லை.

மாட்டும்போது:
→ ஸ்ட்ரைக்கரையும் பீடிங்கையும் முதலில் கழற்றுங்கள். அவை இருந்தால் கதவு எங்கே தானாக நிற்கிறது என்று தெரியாது.
→ கீலின் பழைய இடத்தைச் சுற்றி பென்சில் கோடு போடுங்கள்.
→ கதவுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியில் தாங்குங்கள்.
→ கண்ணாடி, பூட்டு எல்லாம் கதவுக்குள் இருக்கணும். காலிக் கதவை ஒழுங்குபடுத்தினால், பாரம் ஏறியதும் மறுபடி இறங்கும்.
→ ஒரு நேரத்தில் ஒரு கீல். 1 மி.மீ. நகர்த்து, இறுக்கு, சாத்திப் பார்.

28/
செய்யக் கூடாதவை:

→ கீல் இடுக்கில் கட்டையை வைத்துக் கதவை அமுக்கி வளைப்பது. கதவு அன்றைக்கு நேராகும், கீலும் தகடும் களைத்துப்போகும்.
→ ஸ்ட்ரைக்கரை உயர்த்தி வைத்து, இறங்கிய கதவைச் சாத்தும்போது தூக்கவிடுவது. பூட்டு வேலை பூட்டுவது. கதவைச் சுமப்பது கீலின் வேலை.
→ அகன்ற இடைவெளியில் பட்டி போட்டு நிரப்பி பெயிண்ட் அடிப்பது. முறிந்த எலும்புக்குப் பவுடர் பூசுகிற வைத்தியம் இது. ஒரு நாள் ஓங்கிச் சாத்தும்போது பட்டி பெயர்ந்து உண்மை வெளியே வரும்.

டிங்கரிங் பட்டறையில் பெயிண்டுக்கு முன் கதவு மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்றால் ஒப்புக்கொள்ளாதீங்க.

29/
கடைசியில் ஸ்ட்ரைக்கர். பூட்டின் நாக்கில் கொஞ்சம் கிரீஸ் தடவி மெல்லச் சாத்தித் திறங்கள். எங்கே தொடுது என்று தடம் தெரியும். நடுவில் தொட வேண்டும். சாத்தும்போது கதவு மேலேயும் எழும்பக் கூடாது, கீழேயும் இறங்கக் கூடாது.

பிறகு காதைத் தீட்டுங்க. உங்கள் வண்டியின் பூட்டு இரண்டு நிலைப் பூட்டு என்றால் இரண்டு க்ளிக்கும் கேட்கணும். ஓங்கி அடிக்காமல், சாதாரணமாகத் தள்ளினாலே. சாத்திய பிறகு கைப்பிடியைப் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பீடிங் மாட்டிய பிறகு இதே சோதனையை மறுபடி செய்யணும். தடிமன் அதிகமான புது ரப்பர், கதவை முதல் க்ளிக்கிலேயே நிறுத்திவிடும்.

30/
1956-க்கு முந்தைய கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பூட்டு எவ்வளவு சரியாக இருந்தாலும், 13-ல் சொன்ன நீளவாக்கு நழுவலைத் தடுக்கும் கொக்கி அதில் இல்லாமல் இருக்கலாம். பின்பக்கக் கீல் கதவு என்றால் இன்னும் கவனம்.

அந்த வண்டியைக் கொண்டாடுங்கள், ஊர்வலத்தில் ஓட்டுங்கள். ஆனால் ஹைவேயில் 80-ல் பறக்காதீங்க. குழந்தைகளைக் கதவோரம் உட்கார வைக்காதீங்க. சீட் பெல்ட் பொருத்துவதாக இருந்தால் துரு இல்லாத, பலமான இடத்தில் தெரிந்தவரை வைத்துப் பொருத்துங்கள். துருப்பிடித்த தகட்டில் மாட்டிய பெல்ட் வெறும் நாடா.

31/
"இவ்வளவு பழைய வண்டியில் மாசம் ரெண்டு தடவை போறதுக்கு இவ்வளவு பார்க்கணுமா டாக்டர்?" என்று கேட்பீங்க.

பார்க்கணும். ஏன்னா இந்த அறிவு சும்மா வரலை. ஒரு சர்ஜன் கிழிந்த முகங்களைத் தைத்துக் கற்றது. ஒரு விமானப் பயிற்சியாளர் தன் வயிற்றைக் கொடுத்துக் கற்றது. பிறகு, சாலையில் வீசப்பட்டுக் கிடந்த எத்தனையோ பேரின் அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கற்றது. அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் விட்டுப் போனது அந்த இரண்டாவது க்ளிக்.

32/
சுருக்கமாக:

✔ கதவு இறக்கம் அறிகுறி மட்டுமே. நோய் கீலிலா, தூணிலா, சேசிஸிலா என்று பாருங்கள்.
✔ வரிசை: சேசிஸ், உடல், தூண், கீல், ஸ்ட்ரைக்கர், பீடிங்.
✔ கதவைப் பிடித்து எழுந்திருக்காதீங்க. சீட்டையோ தூணையோ பிடிங்க.
✔ வருஷத்துக்கு ஒரு தடவை கீல் பின்னுக்கு எண்ணெய் விடுங்கள்.
✔ புது வண்டியோ பழைய வண்டியோ, கிளம்பும் முன் இரண்டு க்ளிக்.

வீட்டு ஷெட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருக்கு இதை அனுப்புங்க. பெயிண்ட் கலர் தேர்ந்தெடுக்கும் முன்னால் அவர் படிக்கட்டும்.